கறைகள் வரைந்த வரைபடம்

மேஸ்திரி சம்மட்டியோடு வந்து நின்றார். நான் கைபேசியோடு நின்றேன். இரண்டு மாதமாகச் சேர்த்துவைத்த படங்கள் அதில் இருந்தன: வெள்ளை வெளேரென்ற பளிங்கு மேடை, கைப்பிடியே தெரியாத அலமாரிகள், மூலையில் ஒரு கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம். "இந்த மாதிரி வேணும்" என்று காட்டினேன். மேஸ்திரி தலையாட்டினார். பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "இதுல எங்கடா தாளிப்பாங்க?"

என்னிடம் பதில் இல்லை. நாற்பது படங்களில் ஒன்றில்கூட அடுப்பு எரியவில்லை.

எங்கள் வீடு 1984-இல் கட்டியது. கடப்பா கல் மேடை, சிவப்பு ஆக்சைடு தரை, தலைக்கு மேல் பரண், ஒரு ஜன்னல், ஜன்னலை ஒட்டியே ஓர் எக்சாஸ்ட் ஃபேன். எல்லாவற்றையும் உடைத்துப் புதிதாகக் கட்டுவதாகத்தான் பேச்சு. "நாளைக்கு ஆரம்பிக்கலாம் மேஸ்திரி" என்று ஒரு நாள் அவகாசம் வாங்கினேன். பிறந்ததிலிருந்து சாப்பிட்ட வீட்டின் சமையல்கட்டை அன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தேன்.

ஐந்து அடையாளங்கள் கண்ணில் பட்டன. மேடையில் வெளிறிய வட்டங்கள். சுவிட்சைச் சுற்றி மஞ்சள் விரல்தடங்கள். அடுப்புக்கு மேலே கூரையில் ஒரு கரிய நிழல். தரையில் நிறம் தேய்ந்த ஒரு தடம். அடுப்புக்கு முன்னால், அம்மா நிற்கும் இடத்தில், மூன்று அங்குல உயர மரப்பலகை. எல்லாம் அழுக்கு, பழசு, தூக்கிப்போட வேண்டியவை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் ஒரே இடத்தில் நாற்பது ஆண்டு நடந்த வேலை தன் கணக்கை இப்படித்தான் எழுதி வைக்கிறது. அதைப் படிக்கக் கொஞ்சம் வேதியியலும் கொஞ்சம் இயற்பியலும் இருந்தால் போதும்.

புளி தின்ற கல்

மேடையின் வலது ஓரத்தில் வெளிறிய வட்டம் ஒன்று, அதை வெட்டிக்கொண்டு இன்னொன்று, அப்படி ஏழெட்டு. புளி ஊறவைக்கும் கிண்ணத்தின் அடிப்பாகத்தோடு வைத்துப் பார்த்தேன். அளவு கச்சிதமாகப் பொருந்தியது.

கடப்பா கல் என்பது சுண்ணாம்புப் பாறை. குறைந்தது 50 கோடி ஆண்டுகளுக்கு முன், தரையில் விலங்குகள் எதுவும் நடமாடாத காலத்தில், கடலடியில் படிந்து இறுகியது. அதன் முக்கியப் பொருள் கால்சியம் கார்பனேட். முட்டை ஓடும் அதேதான், கோலமாவுக்கு அரைக்கும் சுண்ணாம்புக் கல்லும் அதேதான். இதன் மேல் அமிலம் பட்டால் கார்பன் டை ஆக்சைடாகவும் உப்பாகவும் பிரிந்துபோகும். புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், தயிரில் லாக்டிக் அமிலம். தென்னிந்தியச் சமையல் என்பதே தினமும் மூன்று வேளை அமிலத்தோடு புழங்குவது. ஒவ்வொரு முறையும் கிண்ணத்தின் விளிம்பில் வழிந்த துளி, மெருகேறிய மேற்பரப்பிலிருந்து ஒரு மெல்லிய படலத்தைத் தின்றிருக்கிறது. நாம் கறை என்று தேய்த்தது கறையே அல்ல, பள்ளம். பள்ளத்தைத் தேய்த்துப் போக்க முடியாது.

அப்போதுதான் என் கைபேசிப் படத்தின் வேடிக்கை புரிந்தது. பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான். சுண்ணாம்புப் பாறை பூமிக்குள் வெந்து அழுந்தி உருமாறியது. அந்த வெள்ளை மேடையும் கிண்ணத்து எலுமிச்சையும் பரம எதிரிகள். படத்தில் அவை சேர்ந்திருக்க ஒரே காரணம், அங்கே யாரும் எலுமிச்சையை வெட்டவில்லை.

கிரானைட்டின் கதை வேறு. அதிலுள்ள குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் சிலிக்கன் சார்ந்த கனிமங்கள். புளிக்கரைசலுக்கும் மோருக்கும் அவை அசைந்துகொடுப்பதில்லை. கிருஷ்ணகிரி, விழுப்புரம் பகுதிகளில் வெட்டி எடுக்கும் 'பிளாக் கிரானைட்'டை நிலவியலாளர்கள் கிரானைட் என்றே ஒப்புக்கொள்ளமாட்டார்கள். பூமியின் பிளவுகளில் ஏறி உறைந்த டோலரைட் வகைப் பாறை அது. பெயரில் வழக்கு இருந்தாலும் உறுதியில் குறைவில்லை. நெருக்கமான மணிகளாக இறுகியிருப்பதால் எண்ணெயும் சாயமும் உள்ளே இறங்க இடம் கிடைப்பது அரிது. முதல் முடிவு எடுத்தாயிற்று. மேடைக்குக் கறுப்புக் கல். வழிகாட்டியது புளிக்கிண்ணம்.

சுவிட்சைச் சுற்றியிருந்த மஞ்சளுக்கும் பெயர் உண்டு: குர்குமின். மஞ்சள்தூளின் இந்த நிறமி தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. எண்ணெயில் கரையும், பிளாஸ்டிக்கில் ஊறும். அதனால்தான் எஃகுக் கரண்டியில் நிற்காத மஞ்சள், பிளாஸ்டிக் டப்பாவில் குடியேறிவிடுகிறது. சோப்புப் போட்டால் காரத்தோடு சேர்ந்து செந்நிறமாக மாறி நம்மைப் பயமுறுத்தும். ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. வெயில் பட்டால் அந்த மூலக்கூறு சிதைந்து நிறம் போய்விடும். மஞ்சள் பட்ட துணியை அம்மா வெயிலில் காயப்போடுவது இதனால்தான். ஆனால் சமையல்கட்டுச் சுவரை வெயிலில் காயப்போட முடியாது. ஆகவே கை அடிக்கடி படும் இடங்களில் வெளிர்நிறப் பிளாஸ்டிக் பூச்சு வேண்டாம், கண்ணாடிபோல மெருகேறிய ஓடு போதும் என்று இரண்டாவது முடிவு.

கூரையில் ஓர் அம்பு

கூரையில் படிந்திருந்த கருமை, அடுப்புக்கு நேர் மேலே தொடங்கி ஃபேனை நோக்கிப் போகவில்லை. கூடத்துக் கதவை நோக்கி நீண்டிருந்தது. நாற்பது ஆண்டுகளாகப் புகை எந்த வழியில் போனது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எண்ணெய் காய்ந்து கடுகு விழும் நொடியைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். கடுகுக்குள் துளி ஈரம் இருக்கிறது. அது சட்டென்று ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரிகிறது. தோல் தாங்காமல் வெடிக்கிறது. கறிவேப்பிலையின் ஈரமும் அப்படியே சீறுகிறது. அந்தச் சீற்றம் எண்ணெயை நுண்துளிகளாகத் தெறிக்கவைத்து, சூடான காற்றோடு மேலே அனுப்புகிறது. சூடான காற்று ஏறும்போது சும்மா ஏறுவதில்லை. நாலாபக்கமும் இருக்கும் குளிர்ந்த காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு, மேலே போகப் போக வாய் அகலும் புனல்போல விரிகிறது. கூரையைத் தொடும்போது அடுப்பைவிடப் பல மடங்கு அகலமாகிவிடும். சிம்னியை எட்டாத உயரத்தில் மாட்டினால் பயனில்லாமல் போவது இதனால்தான். புனலின் கழுத்திலேயே பிடிக்க வேண்டும்.

மேலே போன எண்ணெய்த்துளிகள் ஃபேன் இறக்கையில் பிசினாக ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெயின் மூலக்கூறுகள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்வதால் வரும் பிசுபிசுப்பு அது. ஓவியர்கள் ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் காய்வதும் இதே வினைதான். அந்த வகையில் பழைய எக்சாஸ்ட் ஃபேன் ஒரு எண்ணெய் ஓவியம்.

மிளகாய் வறுக்கும்போது வீடே இருமுவது இன்னொரு விந்தை. மிளகாயின் கேப்சைசின் நுண்துளிகளாக மிதந்து தொண்டைக்குள் போகிறது. அங்கே நரம்பு முனைகளில் சூட்டை உணர்வதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் திறக்கும் வாயில் அது. கேப்சைசின் அந்த வாயிலைச் சூடே இல்லாமல் திறந்துவிடுகிறது. 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டறிந்த இந்தப் புரதத்தின் பெயர் டிஆர்பிவி1; 2021-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. தீப்பட்டதாக நம்பித்தான் உடல் இருமுகிறது.

சரி, எங்கள் ஃபேன் ஏன் தோற்றது? ஜன்னலை ஒட்டி இருந்ததால். ஃபேன் வெளியே தள்ளும் அளவுக்குக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். பக்கத்து ஜன்னல் திறந்திருந்தால் அங்கிருந்தே சுத்தமான காற்று நுழைந்து, நேராக ஃபேன் வழியே வெளியேறிவிடும். அடுப்புப் புகைக்கு அந்தப் பந்தியில் இடமே இல்லை. காற்று வரும் வழியும் போகும் வழியும் எதிரெதிராக, நடுவில் அடுப்பு இருக்கும்படி அமைய வேண்டும்.

இப்போது சிம்னிகளில் வரும் பேஃபிள் ஃபில்டரும் எளிய இயற்பியல்தான். காற்றை வளைந்து நெளிந்து போகவைக்கும் எஃகுத் தகடுகள் அவை. காற்று லேசானது, வளைவில் திரும்பிவிடும். எண்ணெய்த்துளி கனமானது, திரும்ப முடியாமல் தகட்டில் மோதி வழியும். கொண்டை ஊசி வளைவில் வேகமாக வந்த லாரியின் கதி.

மேலே மட்டும் துவாரம் வைத்தால் போதாது. சிலிண்டரில் இருக்கும் புரொப்பேனும் பியூட்டேனும் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானவை. கசிந்தால் புகையைப் போல மேலே ஏறாது. தண்ணீரைப் போலத் தரையில் தேங்கும். எரிவாயுவுக்கு இயல்பில் மணமே கிடையாது. நமக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் அழுகிய நாற்றமடிக்கும் எத்தில் மெர்காப்டனைக் கலக்கிறார்கள். குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். அதன் கனம் காற்றில் ஏறக்குறையப் பாதி, ஆகவே மேலே ஏறும். சிலிண்டர் வைக்கும் வீட்டில் தரையோரம் ஒரு காற்றுத்துளை கட்டாயம். மாடுலர் கிச்சன் என்று சிலிண்டரை மூடிய அலமாரிக்குள் அடைக்கிறவர்கள், அந்த அலமாரிக் கதவின் அடியிலாவது ஓட்டை போடவேண்டும்.

தேய்ந்த தரை

சிவப்புத் தரையில் நிறம் தேய்ந்திருந்த தடம், தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு கோடு. அங்கிருந்து கூடத்துக்கு இன்னொரு கோடு. கூடத்தில்தான் எங்கள் ஃபிரிட்ஜ். வீடு கட்டும்போது ஃபிரிட்ஜ் இல்லை. பிறகு வந்தபோது சமையல்கட்டில் இடமில்லை. கூடத்துக்கு வந்த விருந்தாளி அங்கேயே தங்கிவிட்டது. அம்மா ஒரு சாம்பார் வைத்து முடிப்பதற்குள் எத்தனை அடி நடக்கிறாள் என்று எண்ணத் தொடங்கினேன். நூறைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன்.

இப்படி எண்ணியவர்களில் நான் முதல் ஆள் இல்லை. அமெரிக்காவில் கிறிஸ்டின் ஃபிரெடரிக் 1912-இலிருந்தே, தொழிற்சாலைகளில் நேரத்தை அளக்கும் முறையை அடுப்படிக்குக் கொண்டுவந்து எழுதினார். பிறகு வந்தவர் பொறியாளர் லில்லியன் கில்பிரெத். பன்னிரண்டு பிள்ளை பெற்றவர், உளவியலில் முனைவர். 1929-இல் புரூக்ளின் நகர எரிவாயு நிறுவனம் ஒன்றுக்காக மாதிரிச் சமையலறை ஒன்றை வடிவமைத்தார். ஸ்ட்ராபெரி வைத்த ஒருவகைக் கேக்கைப் பழைய அறையில் செய்ய 281 காலடி நடக்க வேண்டியிருந்தது. புதிய அமைப்பில் 45 போதும் என்று காட்டினார். கருவிகள் எதுவும் மாறவில்லை. இருக்கும் இடம்தான் மாறியது.

ஐரோப்பாவில் இதே நேரத்தில் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்கு ஒரு சமையலறையை வரைந்தார். ஆண்டு 1926. அளவு சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். அவர் கண் வைத்தது மாளிகைச் சமையலறைகள் மீதல்ல, ரயிலின் உணவுப்பெட்டி மீது. அவ்வளவு இடுக்கமான இடத்தில் நூறு பேருக்குச் சமைக்க முடிகிறதென்றால் அங்கே எதுவும் வீணாக வைக்கப்பட்டிருக்காது. அரிசி, சர்க்கரை போன்றவற்றுக்கு மூக்கு வைத்த அலுமினிய இழுப்பறைகள். எடுத்து அப்படியே கவிழ்க்கலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரப்பெட்டி, அதிலுள்ள டானின் மாவுப்புழுக்களை அண்டவிடாது என்பதால். ஜன்னலோரம் உட்கார்ந்து நறுக்கச் சுழலும் முக்காலி. அப்படிப் பத்தாயிரத்துக்கு நெருக்கமான சமையலறைகள் கட்டப்பட்டன. இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதுவே பாட்டி.

1940-களில் இல்லினாய் பல்கலைக்கழகத்து ஆய்வுகள் இந்த யோசனையை ஒரு முக்கோணமாகச் சுருக்கின: அடுப்பு, தொட்டி, ஃபிரிட்ஜ். மூன்று பக்கங்களின் கூட்டு 26 அடியைத் தாண்டக்கூடாது என்ற விதி பிறகு உலகெங்கும் பரவியது. எங்கள் வீட்டு முக்கோணத்தின் ஒரு முனை கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் இருந்தது.

ஆனால் எனக்கு வேறொன்று உறைத்தது. என் பாட்டி சமைத்த அடுப்படியில் முக்கோணமே இல்லை. அவள் மணையில் உட்கார்ந்து சமைத்தாள். முன்னால் விறகடுப்பு, வலப்பக்கம் அரிவாள்மணை, இடப்பக்கம் தண்ணீர்ச் செம்பு, மடிக்கு அருகில் அஞ்சறைப் பெட்டி. எல்லாம் கையெட்டும் தூரம். நடை சுழியம். கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், உளுந்து எல்லாவற்றையும் ஒரே மூடிக்குள் வைத்த அந்தப் பெட்டியை லில்லியன் கில்பிரெத் பார்த்திருந்தால் தன் கட்சிக்குச் சேர்த்துக்கொண்டிருப்பார். உட்கார்ந்திருந்ததில் இன்னொரு லாபம்: சூடான புகை கூரையை ஒட்டி அடுக்காக நிற்கும்போது முகம் அதற்குக் கீழே இருக்கும். புகையிலிருந்து முழுத் தப்பித்தல் இல்லை; பாட்டி ஊதுகுழலோடு கண்ணைத் துடைத்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. முட்டிவலியோடு எழுந்து உட்கார்ந்த சிரமமும் உண்டு. கேஸ் அடுப்பு வந்து சமையல் தரையிலிருந்து மேடைக்கு ஏறியபோது முதுகும் முட்டியும் பிழைத்தன. கூடவே நடையும் பிறந்தது. நின்றுகொண்டு சமைப்பவளுக்குத்தான் முக்கோணம் தேவைப்படுகிறது.

மூன்று அங்குலப் பலகை

மிச்சமிருந்தது மரப்பலகை. எதற்கு என்று கேட்டேன். "எட்டலைடா" என்றாள் அம்மா. நாற்பது வருடமாக அவளுக்கு எட்டவில்லை, எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

மேஸ்திரிகள் கைக்கணக்காகப் போடும் மேடை உயரம் இரண்டே முக்கால் அடி, அதாவது 33 அங்குலம். வெளிநாட்டு அலமாரிகள் 36 அங்குலக் கணக்கில் வரும். இரண்டுமே எவரோ ஒருவரின் உடம்புக்கான அளவு. அந்த எவரோ நம் வீட்டில் சமைக்கிறாரா என்று கேட்க வேண்டும். அளக்க வேண்டியது தலை உயரமும் இல்லை, முழங்கை. நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால், தரையிலிருந்து அதுவரை உள்ள உயரம் மொத்த உயரத்தில் ஏறத்தாழ 63 விழுக்காடு. காய் நறுக்கவும் மாவு பிசையவும் அதற்கு நான்கைந்து அங்குலம் கீழே மேடை இருந்தால் தோள் தூக்காது, முதுகு வளையாது.

அம்மாவின் உயரம் நாலடி பதினோரு அங்குலம். முழங்கை 37 அங்குலத்தில். நறுக்க 32 அங்குலம் சரி. பழைய மேடை அதற்கு அவ்வளவு மோசமில்லை. சிக்கல் அடுப்பில். மேடைக்கு மேல் அடுப்பு நாலரை அங்குலம், அதற்கு மேல் குக்கர் ஏழு அங்குலம். கரண்டி பிடித்த கை முழங்கையைத் தாண்டித் தோளுக்குப் போய்விடுகிறது. பலகை ஏன் அடுப்புக்கு முன்னால் மட்டும் கிடந்தது என்பது அப்போது விளங்கிற்று. தொட்டியில் சங்கதி தலைகீழ். பாத்திரம் தேய்க்கும் கை தொட்டியின் விளிம்பில் இல்லை, எட்டு அங்குலம் கீழே அதன் அடியில் இருக்கிறது. அங்கே மேடை உயர வேண்டும்.

ஆக அடுப்புக்கு 28, நறுக்க 32, தொட்டிக்கு 35. மறுநாள் மேஸ்திரியிடம் சொன்னபோது அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "மேடைன்னா ஒரே மட்டமா ஓடணும் சார். ஏத்தி எறக்கினா படிக்கட்டு மாதிரி இருக்கும்."

"சமைக்கிறது அம்மாதானே மேஸ்திரி."

அவர் அம்மாவைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். மட்டக்கோலை எடுத்துச் சுவரில் மூன்று கோடு போட்டார்.

யாருடைய முழங்கை?

இந்தக் கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை ஒரு பாடத்தை மிச்சம் வைத்திருக்கிறது. ஒருத்திக்கென்று அவ்வளவு கச்சிதமாக அளந்ததால் அதற்குள் இன்னொருவர் நுழைய இடமில்லை. துணைக்கு யாரும் வர முடியாத தனியறையில் பெண்ணை அடைத்துவிட்டது என்று பின்னாளில் பெண்ணியர் பலர் அதைக் குறைசொன்னார்கள். அதை வரைந்தவரே, தான் அதற்கு முன் சமைத்ததில்லை என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் எழுதிய நூலின் தலைப்பே 'அம்மாவுக்கு இன்னும் அதிக வேலை' என்ற பொருளில் அமைந்தது. வீட்டுக் கருவிகள் வந்தபோது மற்றவர்கள் செய்துவந்த வேலைகள்தான் முதலில் மறைந்தன. விறகு பிளந்த ஆணும் தண்ணீர் சுமந்த பிள்ளையும் விடுதலையானார்கள், மிஞ்சியது முழுக்கப் பெண்ணின் தலையில் விழுந்தது என்பது அவர் வாதம். அடிகளைக் குறைக்கலாம். ஒரே ஆளின் கால்களே அத்தனையும் நடந்தால் கணக்கு எங்கோ இடிக்கிறது.

நான் ஐந்தடி ஒன்பது அங்குலம். முழங்கை 43-இல். அம்மாவின் மேடையில் நான் வெங்காயம் நறுக்கினால் பத்தே நிமிடத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இத்தனை வருடமாக நான் நறுக்காததற்கு அதுதான் காரணம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனாலும் ஜன்னலோரம் இரண்டடி நீளத்துக்கு மட்டும் மேடையை 38 அங்குலத்தில் உயர்த்தச் சொன்னேன். நாலாவது கோடு. மேஸ்திரி இந்த முறை எதுவும் பேசவில்லை.

இப்போது கறுப்புக் கல்லில் புளிக்கிண்ணம் உட்கார்ந்த இடம் தெரிவதில்லை. ஃபிரிட்ஜ் உள்ளே வந்துவிட்டது. தாளிக்கும்போது கூடத்தில் யாரும் இருமுவதில்லை. பலகை பரணில் இருக்கிறது. தூக்கிப்போட அம்மாவுக்கு மனமில்லை. படத்தில் வருகிற சமையலறை மாதிரி இல்லை என்று வந்தவர்கள் சொல்கிறார்கள். மேடை ஏன் நாலு மட்டத்தில் இருக்கிறது என்று கேட்கிறார்கள். அம்மா ஒவ்வொன்றாகக் காட்டி விளக்குகிறாள். கடைசியில் ஜன்னலோரத்து உயர்ந்த மேடைக்கு வந்ததும் என்னைப் பார்க்கிறாள்.

"அது அவனோடது. இனிமே சாக்கு சொல்ல முடியாது."